விஷமூங்கில் வளர்ப்போர்க்கு

கடற்கரை மணலிலும் ஆற்றங்கரை ஈரத்திலும் எவருடைய பராமரிப்பையும் எதிர்பாராமல் தழைக்கும் விஷமூங்கிலை வீட்டுத் தோட்டத்தில் வைக்க விரும்புகிறவர்கள், அதன் கிழங்கைப் பெயர்த்துப் பெயர்த்து இடம் மாற்றும் ஆவலை முதலில் துறக்க வேண்டும். ஊன்றிய இடத்தில் நிலைத்துவிட்டால், சுருங்கி இழுக்கும் இயல்புடைய வேர்களால் அக்கிழங்கு தன்னை மண்ணுக்குள் இறுக இருத்திக்கொள்கிறது. அந்த வேர்களை அறுத்து வேறோரிடத்தில் வைத்தாலோ, பிறந்த வீட்டை விட்டு வந்த புது மருமகளைப் போல் முகம் வாடி, ஒரு வருஷம் வரையிலும்கூடப் பூக்காமல் இருந்துவிடுவதுண்டு.

ஆதலால் இடத்தை முன்னதாகவே யோசித்துத் தீர்மானிப்பது உத்தமம். முற்றிய செடி மூன்று நான்கடி உயர்ந்து, அதே அளவுக்கு அகன்றும் பரவும். காலை வெயில் விழும் இடத்தில், மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணில், கழுத்து தரைக்கு மேல் தெரியும்படி கிழங்கை நட்டுத் தாராளமாக நீர் வார்த்தால் போதும்.

அந்தி சாய்ந்ததும் ஒரே தண்டின் உச்சியில் கொத்தாக விரியும் அதன் வெண்மலர்களை, ஒடுங்கிய ஆறு இதழ்களும் செந்நீலம் படர்ந்த கேசரங்களுமாகக் கண்டு, இரவில் பரவும் அவற்றின் பரிமளத்தையும் ஒருமுறை நுகர்ந்தவர்கள், இச்செடியை வேலியோரத்துக்கு மட்டுமே உரியதென்று ஒருபோதும் ஒதுக்கமாட்டார்கள் என்பது என் நிச்சயமான அபிப்பிராயம். அவ்வாசனையை நாடி இரவில் விட்டில்கள் வருகின்றன.

இதற்கு வாய்த்த பெரும் சத்துரு, செங்காந்தளையும் விட்டுவைக்காத ஒரு கம்பளிப்புழு. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட அப்புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து இலைகளைத் தின்று தீர்த்துவிடுமாகையால், அவற்றைக் கண்ட மாத்திரத்தில் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டுவிட வேண்டும். கிழங்கிலுள்ள லைகோரின் என்னும் நச்சுப் பொருள் புழுக்களைத் தடுப்பதில்லை. ஆனால் மனிதர் தின்றால் கடும் வாந்தி உண்டாகும். வெங்காயமென்று மயங்கிக் குழந்தைகள் கடித்துவிடாதபடி கவனமாயிருப்பதும், சாறு பட்ட கையை உடனே கழுவிக்கொள்வதும் அவசியம்.

தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில் பிரித்து நடுவதே இச்செடியைப் பெருக்கச் சுலபமான வழி. பூ உதிர்ந்தபின் பச்சைக் கட்டிகளாகத் திரளும் விதைகளை எடுத்து வைத்தால், தமக்குள்ளேயே ஈரம் பொதிந்திருப்பதால், அவை மண்ணும் நீருமின்றி அலமாரிப் பலகையின் மேலேயே முளைவிடக் காணலாம். அவ்வாறு முளைத்ததை ஈரமணலின் மீது பாதி புதையும்படி வைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். ஆயினும் அச்செடி பூப்பதற்குச் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும்.