போதும்பொண்ணு: ஒரு பெயரும் ஒரு கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களுள் ஒன்று மீமிசல். ஆவுடையார்கோயில் வட்டத்தில், கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. இந்தப் பகுதியிலும், இதை அடுத்துள்ள தென் மாவட்டங்களிலும் வயது முதிர்ந்த பெண்களிடையே ஒரு பெயரைக் கேட்கலாம். ‘போதும்பொண்ணு’ என்பதே அப்பெயர்.

முதன்முறை கேட்கும் வெளியூர்க்காரர் இதை வீட்டில் அழைக்கும் செல்லப் பெயர் என்று எண்ணக்கூடும். அப்படியன்று. குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் இடம் பெறும் முறையான பெயர்தான் இது. இதன் பொருள் என்ன? இது எதற்காக வைக்கப்பட்டது? வைத்தவர்கள் எண்ணியது நடந்ததா? இப்பெயர் ஏன் இன்று அருகி வருகிறது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

‘பெண்’ என்ற சொல் பேச்சுவழக்கில் ‘பொண்ணு’ ஆகிறது. இது கொச்சையால் நேர்ந்த தற்செயல் மாற்றம் அன்று. ஒலியியல் விதிக்கு உட்பட்டது. ‘ப’ என்று சொல்ல இதழ்கள் குவிந்து மூடுகின்றன. ‘ண’ என்று சொல்ல நாக்கு மேல்நோக்கி வளைகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட எகரம், இதழ் குவித்துச் சொல்லும் ஒகரமாக மாறிவிடுகிறது. பெட்டி ‘பொட்டி’ ஆவதும், பிள்ளை ‘புள்ளை’ ஆவதும், வீடு ‘வூடு’ ஆவதும் இதே விதியின்படிதான்.

‘போதும்’ என்பதோ ஒரு முழு வாக்கியத்துக்கு ஈடான வினைச்சொல். ஆகவே இப்பெயர், ‘பெண் பிறந்தது போதும்’ என்று கூறும் வாக்கியம். வாழ்நாள் முழுதும் இப்பெயரைச் சுமப்பவள் மகள். ஆனால் அது சொல்லும் செய்தி அவளுக்கு உரியதன்று. கடவுளை நோக்கி, அடுத்த குழந்தையைப் பற்றிச் செய்யப்படும் விண்ணப்பம் அது. இரண்டு, மூன்று பெண்கள் அடுத்தடுத்துப் பிறந்த வீட்டில், கடைசியாகப் பிறந்தவளுக்கு இப்பெயரை வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. வேண்டாம், வேண்டாமிர்தம் என்ற பெயர்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. திருவள்ளூர் மாவட்டம் திருத்தணிக்கு அருகில் உள்ள நாராயணபுரத்தில் ‘வேண்டாம்’ என்று பெயரிடும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது.

பிச்சை, குப்பம்மாள் போன்ற பெயர்களை இவற்றோடு சேர்த்து எண்ணக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. (2020-இல் இந்த எண்ணிக்கை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13.) பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், கண்ணேறும் காலனும் இக்குழந்தையை நாடாமல் இருக்கட்டும் என்று இழிவான பெயரை வைத்தனர். அது குழந்தை பிழைக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்த பெயர். ‘போதும்பொண்ணு’வோ இன்னும் பிறக்காத ஒருவனுக்காக, பிறந்துவிட்ட ஒருத்திக்கு இடப்பட்ட பெயர்.

நம் ஊரில் மட்டுமன்று

இப்பெயருக்கு உடன்பிறப்புகள் பல நாடுகளில் உண்டு. வங்காளத்தில் ‘ஆன்னாகாளி’ என்ற பெயர் இருந்தது. ‘ஆர் நா, காளி’ என்பதன் திரிபு அது. ‘இனி வேண்டாம், காளி’ என்று பொருள். அரியானாவில் ‘பதேரி’ என்றால் ‘வேண்டிய மட்டும் ஆயிற்று’. மராட்டியத்தில் ‘நகுசா’ என்றால் ‘வேண்டாதவள்’. சீனாவில் ‘சாவோதி’ என்றால் ‘தம்பியை அழைத்து வா’. கொரியாவில் ‘மல்ஜா’ என்ற பெயர் ‘கடைசிப் பெண்’ என்பதைக் குறிக்கும். மொழியும் சமயமும் வேறுபட்ட இத்தனை மக்கள் ஒரே முறையைக் கையாண்டது ஏன்? ‘வைத்தோம், பலித்தது’ என்று சொல்ல ஒவ்வோர் ஊரிலும் சாட்சிகள் இருந்தனர் என்பது ஒரு காரணம். அந்தச் சாட்சிகள் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பெயருக்குச் சக்தி உண்டா?

ஆணா பெண்ணா: முடிவு எங்கே?

1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, மாவில் வாழும் ஒருவகை வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பெண் வண்டின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டிலோ 19 பெரியவையும் ஒரு சிறியதும் இருந்தன. பாலினத்தை முடிவு செய்வது அந்தச் சிறிய குரோமோசோமே என்று அவர் கண்டார். எட்மண்ட் வில்சன் என்பவரும் அதே காலத்தில் தனியாக ஆராய்ந்து இதையொத்த முடிவுக்கு வந்தார்.

மனிதரின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956-இல் உறுதியாயிற்று. அவற்றுள் இரண்டு பாலினத்தோடு தொடர்புடையவை. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. ஆணிடம் ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ளன. ஆகவே தாயின் சினைமுட்டை எப்போதும் எக்ஸை மட்டுமே தர முடியும். தந்தையின் விந்தணுக்களிலோ ஏறத்தாழப் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் தாங்கியிருக்கும். எக்ஸ் தாங்கிய விந்தணு முட்டையைச் சேர்ந்தால் பெண். ஒய் தாங்கியது சேர்ந்தால் ஆண். ஒய் குரோமோசோமில் ஆண் தன்மையைத் தொடக்கிவைக்கும் மரபணுவும் 1990-இல் கண்டறியப்பட்டது.

‘பெண்ணாகவே பெற்றுப் போடுகிறாள்’ என்று மருமகளை ஏசுவது அடியோடு தவறு என்பது இதனால் விளங்கும். அதற்காகத் தந்தையைக் குறை கூறுவதும் பொருந்தாது. கோடிக்கணக்கான விந்தணுக்களில் எது முந்தும் என்பது யார் கையிலும் இல்லை. கரு உருவான கணத்திலேயே இது முடிந்துவிடுகிறது. மூத்தவளுக்கு வைத்த பெயர் அந்த நுண்ணிய நிகழ்ச்சியை எட்டுவதற்கு வழியே இல்லை.

சாட்சிகள் எங்கிருந்து வந்தனர்?

இயற்கையாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது 1000 பிறப்புகளில் ஏறத்தாழ 512 ஆண். முன்பு பிறந்தவை எத்தனை பெண்ணாக இருந்தாலும், நடைமுறையில் அடுத்த பிறப்புக்கும் இதே வாய்ப்புத்தான். சுண்டிய காசுக்கு முந்தைய முடிவு நினைவில் இருப்பதில்லை அல்லவா?

இப்போது 1000 குடும்பங்கள் தம் மூன்றாம் மகளுக்குப் போதும்பொண்ணு என்று பெயரிட்டதாகக் கொள்வோம். அடுத்த பிறப்பில் 512 குடும்பங்களுக்கு ஆண் பிறக்கும். மீதி 488 குடும்பங்களும் இன்னொரு முறை முயன்றால், அவர்களிலும் சுமார் 250 பேருக்கு ஆண் பிறக்கும். ஆக, 762 வீடுகளில் ‘பெயர் பலித்தது’ என்பார்கள். நான்கில் மூன்று பங்கு வெற்றி! எந்த வேண்டுதலுக்கும் இது பெரிய புகழைத் தேடித் தராதா?

இனி, வேறு 1000 குடும்பங்கள் தம் மூன்றாம் மகளுக்குச் செல்வி என்று பெயரிட்டதாகக் கொள்வோம். அவர்களிலும் இரண்டு பிறப்புகளுக்குள் ஏறத்தாழ 762 பேருக்கு ஆண் பிறக்கும். ஆனால் ‘செல்வி என்று வைத்ததால்தான் ஆண் பிறந்தது’ என்று யாரும் கூறுவதில்லை. பலித்த கதை ஊரெங்கும் பரவுகிறது. பலிக்காத 238 வீடுகளின் கதை அந்தந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. ஒரு முறை பயன் தருகிறதா என்று அறிய, அதைக் கையாளாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்துகளைச் சோதிக்கும்போது விஞ்ஞானிகள் பின்பற்றுவதும் இந்த வழிதான்.

பெயர் அருகியது, ஆசை?

இப்பெயர் இன்று அரிதாகி வருவதற்கு ஒரு காரணம் சிறு குடும்பம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மூன்றாம் மகளே இல்லாத வீட்டில் போதும்பொண்ணுக்கு இடம் ஏது?

இதை எண்ணி நாம் முழுவதும் மகிழ்ந்துவிட முடியாது. முன்பு பெயரோடு நின்ற ஆசை, பிறகு கருவிகளைத் தேடிச் சென்றது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1994-இல் வந்தது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்த பெண்கள் 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943. போதும்பொண்ணு என்று பெயரிட்டவர்கள், பிறந்த மகளைக் குறையோடேனும் வளர்த்து ஆளாக்கினார்கள். பெயரே இடாமல், அவளைப் பிறக்கவும் விடாமல் செய்வது அதைவிடக் கொடிது.

பெயரைச் சுமப்பவர்கள்

மராட்டியத்தின் சத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் நகுசா என்ற பெயர் கொண்ட 285 பெண்களுக்கு மாவட்ட நிர்வாகம் விழா நடத்திப் புதுப் பெயர் வழங்கியது. தமிழ்நாட்டில் பெயரை மாற்ற விரும்புவோர் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்து, அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்ற விரும்பாமல், அப்பெயரோடு வாழ்ந்து குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பெண்களும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

தமிழில் பேரன், பேத்தி என்ற சொற்கள் ‘பெயர்’ என்பதிலிருந்து வந்தவை. தாத்தா, பாட்டியின் பெயரைத் தாங்கும் குழந்தை என்பது பொருள். பாட்டி மீனாட்சியின் பெயர் பேத்திக்கு வரும். காளியம்மாளின் பெயரும் வரும். ஆனால் தலைப்பேத்தியைக் கையில் ஏந்தி நிற்கும் ஒரு போதும்பொண்ணுப் பாட்டி, தன் பெயரை அவளுக்கு வைக்கும்படி எப்படிக் கேட்பாள்? எல்லாப் பாட்டிகளுக்கும் உள்ள அந்த உரிமை, அவள் பிறந்த அன்றே அவளிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. தொட்டிலில் கிடக்கும் மகளுக்குப் பெயர் தேடும் ஒவ்வொரு பெற்றோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.