குடத்துக்குள் 4 கொலையாளிகள்! தூண்டிலில் மாட்டும் முன்பே செத்து மிதக்கும் இரை மீன்கள்

திருக்கோகர்ணம்:–

விரால் பிடிக்கப் போகிறவருக்குத் தூண்டில் மட்டும் போதாது. உயிரோடு துள்ளுகிற இரை மீனும் வேண்டும்.

செத்த மீனை விரால் பெரும்பாலும் சீண்டாது. தண்ணீருக்குள் நெளிகிற, துடிக்கிற பொடி மீனைக் கண்டால்தான் "லபக்" என்று கவ்வும்.

ஆனால் நடப்பது என்ன? ராத்திரி கண் விழித்துப் பிடித்து வைத்த கெண்டைக் குஞ்சுகள், விடிந்து பார்த்தால் குடத்தில் மல்லாந்து மிதக்கின்றன!

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. விரால் பிடித்து விற்று அரிசி வாங்குகிறவருக்கோ ஒரு நாள் கூலியே போச்சு.

கண்மாய் சீமை

புதுக்கோட்டை மாவட்டத்தில் வருடம் பூராவும் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. கண்மாய், குளம், ஊருணிகள்தான் எல்லாம்.

பிரகதாம்பாள் கோவில் உள்ள ஊர் திருக்கோகர்ணம். 1910–ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இப்போது இருப்பதும் இங்கேதான். இந்தப் பக்கத்தில் தூண்டில் பிடித்தவர்களுக்குக் கவிநாடு கண்மாயைத் தெரியாமல் இருக்காது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். வலையும் ஊத்தாவுமாக ஊரே கண்மாய்க்குள் இறங்கும். அன்றைக்கு இரை தேவை இல்லை.

மற்ற நாளில் தூண்டில்தான். தூண்டில் என்றால் இரை. அந்த இரையைக் கொல்வது யார்?

முதல் கொலையாளி: மூச்சுத் திணறல்

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்து இருக்கும் பிராண வாயுதான் அதற்கு உயிர்.

காற்று தண்ணீருக்குள் இறங்குவது மேல்பரப்பு வழியாகத்தான். குடத்துக்கு வாய் சின்னது. அதிலும் கழுத்து வரை தண்ணீரை நிரப்பி, ஐம்பது மீனை அடைத்து, மூடியும் போட்டால் என்ன ஆகும்? மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதுதான் ஆபத்து மணி!

எனவே வாய் அகன்ற வாளிதான் நல்லது. 10 லிட்டர் தண்ணீரில் விரல் நீள மீன் பத்துக்கு மேல் வேண்டாம்.

வண்டி ஓடும்போது தண்ணீர் அலம்பும். காற்றும் கலக்கும். ஆனால் வழியில் டீக்கடையில் நிறுத்தி அரை மணி நேரம் அரசியல் பேசினால், இங்கே பேச்சு முடிவதற்குள் அங்கே மீன் கதை முடிந்துவிடும்.

வங்காளத்தில் பானையில் மீன் குஞ்சுகளை ரெயிலில் ஏற்றிக் கொண்டு போகிறவர்கள், வழி நெடுகக் கையால் தண்ணீரை அலசிக் கொண்டே போவார்கள். ஒரு செம்பை எடுத்து, தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றினாலும் போதும். பாட்டரியில் ஓடும் சின்ன காற்று பம்பு, அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது.

இரண்டாவது: வெயில்

20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராண வாயு கரையும். 30 டிகிரி ஆனால் ஏழரை மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது!

வாளியின் மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள். மீன் துள்ளி வெளியே விழாது. சூடும் ஏறாது. மண் பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சி தங்கும். வாய் அகன்ற பானையாக இருக்கட்டும்.

ஐஸ் கட்டியை அப்படியே போடக்கூடாது. திடீர்க் குளிர்ச்சியை மீன் தாங்காது. பாலிதீன் பையில் கட்டி மிதக்க விட வேண்டும்.

மூன்றாவது: குழாய்த் தண்ணீர்

இதுதான் பலருக்கும் தெரியாத கொலையாளி. குடிதண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறார்கள். நமக்கு அது காவல். மீனின் செவுளுக்கு அது விஷம்.

மீன் பிடித்த இடத்துத் தண்ணீரையே கொண்டு வருவது உத்தமம். முடியாவிட்டால் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் திறந்து வையுங்கள்.

தாமிரம், பித்தளைப் பாத்திரம் ஆகாது. துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. பூச்சி மருந்து இருந்த டப்பாவைத் தொடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது மீனுக்கும் எமன், அந்த மீனைத் தின்கிறவருக்கும் எமன்.

நான்காவது: சொந்த அழுக்கு

பாவம் என்று சோற்றைப் போடாதீர்கள்! தின்ற மீன் கழிவை விடும். மிச்சச் சோறு அழுகும். தண்ணீரில் அம்மோனியா ஏறும்.

மீன் பண்ணைகளிலும் குஞ்சுகளை வெளியூர் அனுப்பும் முன்பு பட்டினி போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மற்றது பிராண வாயு என்பது அவர்கள் கணக்கு.

ஒரு மீன் செத்தால் உடனே எடுத்து எறியுங்கள். இல்லாவிட்டால் மற்றதும் போகும். வெறுங்கையால் பிடித்தால் மேலே உள்ள வழவழப்பு போய்விடும். சின்ன வலையால் அள்ளுங்கள். 10 லிட்டருக்கு ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டால் அலைச்சலைத் தாங்கும்.

கடலிலும் இதே கதை

லட்சத்தீவில் உள்ள மினிக்காய் தீவில் இதுவே பெரிய தொழில். அங்கே சூரை மீனை வலை போட்டு அல்ல, கழியில் கட்டிய தூண்டிலால்தான் பிடிக்கிறார்கள். மாசிக் கருவாடு ஆவது இந்தச் சூரைதான்.

பொடி மீன்களைப் பிடித்துப் படகில் உள்ள தொட்டியில் உயிரோடு கொண்டு போவார்கள். தொட்டியின் அடியில் துளைகள் இருக்கும். கடல் தண்ணீர் அதன் வழியே வந்து போய்க் கொண்டே இருக்கும். மீன் கூட்டத்தைக் கண்டதும் பொடி மீன்களை அள்ளி வீசுவார்கள். சூரை பாய்ந்து வரும்!

இரை கிடைக்காத நாளில் படகுக்கு வேலை இல்லை.

உஷார்!

பலர் இரையாகக் கொண்டு போவது ஜிலேபிக் குஞ்சு. எதையும் தாங்கும் மீன். ஆப்பிரிக்காவில் பிறந்த அது 1952–ல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டும். நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் அது பறித்துக் கொண்டது.

எனவே மிச்ச இரையைக் கண்ட குளத்தில் கொட்டாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே மத்திய அரசு தடை விதித்து இருக்கிறது. அதை இரையாகக் கூடக் கொண்டு போக வேண்டாம்.

இன்னொன்று. பல கண்மாய்களில் மீன் பாசி குத்தகைக்கு விடப்பட்டு இருக்கும். கேட்காமல் தூண்டில் போட்டால் கைகலப்பு, பிறகு போலீஸ் ஸ்டேஷன். வெடி வைத்தும், விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897–ம் வருடச் சட்டமே தடுக்கிறது.

மிச்சம் ஆன இரையை என்ன செய்வது? பிடித்த குளத்திலேயே விடலாம். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, குழம்புச் சட்டி!