“இன்னும் எங்க நடக்குறது கண்ணு?”

உடம்பும் ஊரும் – 14

ஏற்காடு ஏரிக்கரையில் விடிந்தும் விடியாத நேரம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காரிலேயே ஏறி வந்த குடும்பம் ஒன்று, புது ஷூ மாட்டிக்கொண்டு வேகநடை போகிறது. எதிரே, பனிக்கு முக்காடு போட்டபடி எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள். ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். முகாமில் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை “பார்டர்ல” இருக்கிறதாம்.

“தினம் அரை மணி நடக்கச் சொல்றாங்க. பொழுதன்னைக்கும் சரிவுலதான் ஏறி எறங்குறேன். இன்னும் எங்க நடக்குறது கண்ணு?”

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, நம் சென்னையிலேயே. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாழ்க்கைமுறையை மாற்றச் சொன்ன குழுவில், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களிடம் தினம் 30 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொன்னார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் வேறு பேச்சு: செய்வதைத் தொடருங்கள் என்பதோடு சரி. சர்க்கரை, எண்ணெய், மாவுச்சத்தைக் குறைப்பது அந்தக் குழுவில் எல்லோருக்கும் பொது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. இப்படி வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான்.

என்னை நிறுத்தி வைத்த செய்தி இன்னொன்று. மாற்றிக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தால், ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மூன்றாம் மாதமே பலர் விட்டிருப்பார்கள். உள்ளே நடந்த நல்லது முள்ளில் தெரியவில்லை. அதனால்தான் ‘பத்து கிலோ குறைப்பேன்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. கிலோ நம் சொல் கேட்காது. ‘ராத்திரி சாப்பிட்டதும் தெருக்கோடி வரை போய்வருவேன், மழையென்றால் மொட்டைமாடிப் படி ஏறுவேன்’ என்பது கேட்கும்.

அக்காவுக்கு நடை தேவையில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்: எழுந்ததும் ஒன்று, வேலையில் இரண்டு, வீடு திரும்பி ஒன்று, ராத்திரி வேலை முடித்து ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. எஸ்டேட் டீயில் சர்க்கரையை விட்டுவிடலாமே என்றேன். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

“அது தூக்குல கலந்தேதான் வரும். எனக்குன்னு தனியா யாரு போடுவா?” சற்று யோசித்தார். “வீட்டு டீ நான் போடுறதுதானே. காலைல ஒண்ணை மொதல்ல மாத்திப் பாக்குறேன். ஒரு கரண்டி. பொங்கல் வரைக்கும்.”

பனிக்குள் மற்ற பெண்கள் குரல் கொடுக்க, அவர் வேகமாக மேடேறினார்.