கோடு எந்தப் பக்கம்?

மின்விசிறி சுற்றாமல் வெறுமனே உறுமினால், மூலக்குளத்து எலக்ட்ரீஷியன் முதலில் சந்தேகப்படுவது கண்டன்சரைத்தான். 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். மாறுதிசை மின்சாரத்தில் வேலை செய்வதால் அதற்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. இரண்டு ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தாலும் விசிறி ஓடும்.

ஆம்பிளிஃபயர் போர்டில் நிற்கும் அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் அப்படியல்ல. அலுமினியத் தாளின் மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குள் மின்காப்பு. மின்னழுத்தம் சரியான திசையில் இருக்கும்வரைதான் அந்தப் படலம் தாங்கும். தலைகீழாக இணைத்தால் படலம் சிதைந்து, சூடேறி, உள்ளே வாயு பெருகும். உச்சியில் கூட்டல் குறி போலக் கீறிவைத்திருப்பது, அந்த வாயு கிழித்துக்கொண்டு வெளியேறுவதற்காகத்தான்.

அதன் உறையில் ஓடும் பட்டைக்கோடு மைனஸ் முனையைக் காட்டும். டேன்டலம் கண்டன்சரிலோ அதே கோடு பிளஸ்! மாற்றி வைத்தால் தீப்பற்றவும் கூடும். ஒரே அடையாளத்துக்கு நேரெதிரான இரண்டு பொருள் என்பது இந்தத் துறையின் மிக மோசமான வழக்கம். சால்டரிங் பழகும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இதைத்தான். டயோடில் கோடுள்ள பக்கம் கேத்தோடு. எல்இடியில் நீளக் கால் பிளஸ். கால்களை வெட்டிய பிறகு, விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கத்தை மைனஸ் என்று கொள்ளலாம்.

செராமிக் கண்டன்சரில் 104 என்றிருந்தால் 10-க்குப் பின் 4 பூஜ்யம், பைக்கோஃபாரட் கணக்கில். அதாவது 0.1 மைக்ரோஃபாரட்.

டிரான்சிஸ்டரின் பெயரிலேயே அதன் குலம் தெரியும். பிசி547-இல் 'பி' சிலிக்கானையும், 'சி' குறைந்த திறனுள்ள ஒலி அலைவரிசை டிரான்சிஸ்டரையும் குறிக்கும். ஐரோப்பாவில் 1966-இல் தோன்றிய புரோ எலக்ட்ரான் அமைப்பின் முறை இது. பழைய ரேடியோக்களில் கிடைக்கும் ஏசி128-இல் 'ஏ' என்பது ஜெர்மேனியம். பிசி547-இன் தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்களைக் கீழே வைத்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அமெரிக்க முறையில் பெயர் பெற்ற 2என்3904 பார்க்க அச்சாக அப்படியே இருக்கும். கால் வரிசையோ எமிட்டர், பேஸ், கலெக்டர். நம் கல்லூரி ஆய்வகங்களில் புழங்கும் எஸ்எல்100-க்கு உலோக மூடி. அதன் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கின் அருகில் இருப்பது எமிட்டர்.

ஆகவே சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் பக்கத்துக் கடையில் வாங்கினாலும், முழு எண்ணையும் பார்த்து டேட்டாஷீட்டைத் தேடிப் படியுங்கள். பழைய பாகத்தைக் கழற்றுமுன் போர்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.