சூடோமோனாஸும் வகையுளியும்

காவிரிப் படுகையில் குறுவைக்கும் சம்பாவுக்கும் விதைநேர்த்தி செய்யும்போது, கிலோ விதைக்கு 10 கிராம் என்ற கணக்கில் கலக்கப்படும் பாக்டீரியத் தூளுக்கு 'சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ்' என்பது முழுப்பெயர். குலைநோய், இலையுறை அழுகல் முதலியவற்றை உண்டாக்கும் பூசணங்களை ஒடுக்குவதற்காகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இத்தூளை, தஞ்சை வட்டார உழவர்கள் முதற்சொல்லால் மட்டுமே குறிக்கின்றனர்.

ஜெர்மானிய அறிஞர் வால்டர் மிகுலா 1894இல் பேரினப் பெயராக வைத்த இம்முதற்சொல்லில் இரண்டு கிரேக்க உறுப்புகள் உள்ளன: 'சூடோ' என்பது போலி; 'மோனாஸ்' என்பது தனித்த ஓர் அலகு, அதன்வழி ஒற்றை உயிரணு கொண்ட சிற்றுயிர். கிரேக்க மூலத்தில் முதலில் ஒலிக்கும் பகர மெய்யை ஜெர்மானியர் இன்றும் ஒலிக்க, ஆங்கிலேயர் எழுத்தில் மட்டும் வைத்துக்கொண்டு நாவில் விட்டுவிட்டனர்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்க, ஏனையவற்றின் உயிரொலிகள் தளர்ந்து தேய்வதைச் சொல்லழுத்தம் என்பர். அறிவியல் பெயர்களுக்கு இலத்தீன் வழிவந்த விதி ஒன்று உண்டு: ஈற்றயலசை நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருப்பின் அழுத்தம் அங்கே விழும், இல்லையெனில் அதற்கு முந்தைய அசைக்கு நகரும். இங்கே ஈற்றயலில் உள்ள 'மொ' கிரேக்க மூலத்தில் குறில் என்பதால், அழுத்தம் ஓர் அசை முன்னேறி, 'சூடாமனஸ்' என்ற ஒலிப்பு பிறக்கிறது. 'மோ'வை அழுத்தும் வேறோர் ஒலிப்பும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. முன்னதில் அழுத்தம் பெற்ற அசை அடுத்த உறுப்பின் மகரத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்வதால், போலி எங்கே முடிந்து அலகு எங்கே தொடங்குகிறது என்பது செவிக்குப் புலப்படுவதில்லை. சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்று வகுத்த தமிழ் யாப்பிலக்கணத்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது.

உழவர் வழக்கிலோ சூ, டோ, மோ, னாஸ் என நான்கும் நெடில் பெற்ற நேரசைகளாக நிற்பதால் ஒன்றும் தேய்வதில்லை. உறுப்புகளின் எல்லையும் குலைவதில்லை. விதி தவறிய ஒலிப்பு என்று இதை ஒதுக்குவோர், சொற்பிறப்பை இதுவே தெளிவாகக் காக்கிறது என்பதைக் கருதுவதில்லை.

'ஃபுளோரசன்ஸ்' என்ற இரண்டாம் சொல்லில் மெய்யில் முடியும் ஈற்றயலசையே அழுத்தம் பெறுகிறது. அதன் பகுதி, இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852இல் இவ்வகை ஒளிர்தலுக்குப் பெயரிடக் காரணமான ஃபுளோர்ஸ்பார் கனிமத்தைச் சேர்ந்தது. விகுதி, ஒரு தன்மையை அடைந்துவருவதைக் குறிப்பது. புறஊதா ஒளியில் இந்தப் பாக்டீரியம் பசுமஞ்சளாக ஒளிரக் காரணமான பையோவெர்டின் நிறமி, வேரருகே உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு நோய்ப் பூசணங்களுக்குக் கிட்டாமல் செய்வதும், அவற்றை அது ஒடுக்கும் வழிகளுள் ஒன்றாகும்.