கேளம்பாக்கத்து மாடியில் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்

முட்டைக்கோஸ், பூக்கோஸ், புரோக்கோலி, நூக்கோல் ஆகியவை தோற்றத்தில் வெவ்வேறாகத் தெரிந்தாலும், தாவரவியலாளர் அவை அனைத்தையும் பிராசிகா ஒலரேசியா என்னும் ஒரே இனத்தில் அடக்குகின்றனர். முட்டைக்கோஸில் தண்டின் உச்சியிலுள்ள நுனி மொட்டும், நூக்கோலில் தண்டும் பருக்கின்றன. பெல்ஜியத் தலைநகரின் பெயரைத் தாங்கிய பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸிலோ, ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடுக்கில் இருக்கும் இலைக்கோண மொட்டு நெல்லிக்காய் அளவிலான குட்டிக்கோஸாகத் திரள்கிறது. இடுப்பளவு உயரும் ஒரே தண்டில் இவை அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக முதிர்வதால், அறுவடையும் வாரக்கணக்கில் கீழிருந்து மேலாக நடக்கிறது.

இணையத்தில் விதை எளிதாகக் கிடைப்பதால், மாடித்தோட்டம் வைத்திருப்போர் பலருக்கு இதனை வளர்த்துப் பார்க்கும் ஆசை எழுகிறது. ஆசை நியாயமானதே, ஆனால் விதைப்பதற்கு முன் வெப்பநிலையைப் பற்றித் தெளிவு வேண்டும். இலைக்கோண மொட்டு இறுகுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 18 செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி பல வாரங்கள் நீடிக்க வேண்டும் என்றிருக்க, சென்னையின் தென்புறத்துக் கேளம்பாக்கம் போன்ற இடங்களில் ஆண்டின் மிகக் குளிர்ந்த சனவரியிலும் இரவு வெப்பம் சராசரியாக 20-ஐ ஒட்டியும் பகல் வெப்பம் 29-ஐ ஒட்டியும் நிற்கிறது. இலைகள் பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த மாவுச்சத்தில் கூடுதல் பங்கை வெப்பமான இரவில் செடி தன் சுவாசத்திலேயே செலவழித்துவிடுவதால், மொட்டுகள் இறுகாமல் விரிந்த சிறு இலைக்கொத்துகளாகவே நின்றுவிடுகின்றன. இந்நிலையில் உரத்தைக் கூட்டினால் இலை பெருக்குமேயன்றிக் கோஸ் திரளாது.

தமிழ்நாட்டில் இப்பயிருக்குரிய இடம் நீலகிரியே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், கோடையிலும் பகல் வெப்பம் 25-ஐத் தாண்டுவது அரிது. இன்று சுற்றுலாப் பயணிகள் குவியும் அவ்வூர்த் தாவரவியல் பூங்காவின் தொடக்கமே காய்கறித் தோட்டம்தான் என்பது பலரும் அறியாத செய்தி: அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, நியாயமான விலையில் காய்கறி பெறும் பொருட்டு 1840-களில் அதனை ஏற்படுத்தினர், 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த தோட்டக்கலைஞர் மெக்கைவரே பின்னர் அதனைப் பூங்காவாக வடிவமைத்தார். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் முதலிய இங்கிலீஷ் காய்கறிகளோடு, புரோக்கோலி, பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் போன்றவற்றையும் மலை விவசாயிகள் இப்போது பயிரிட்டு நகரச் சந்தைக்கு அனுப்புகின்றனர்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் கேளம்பாக்கத்தில் முயன்று பார்ப்பவர், விரைவில் முதிரும் ரகத்தைத் தேர்ந்து, ஆகஸ்டு இறுதியில் குழித்தட்டில் விதைத்து, நாற்றைப் பெருமழைக்கு முன் தொட்டிக்கு மாற்றுவது நல்லது. அப்போதுதான் மொட்டு உருவாகும் பருவம் மார்கழி, தை மாதங்களின் குளிரோடு பொருந்தும். மாடித்தோட்டத்தில் வழக்கமாகப் பயன்படும் தென்னைநார்க் கழிவு மட்டும் போதாது. மேல்பாரம் மிகுந்த இச்செடி காற்றில் ஆடாதிருக்க, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து, வேரைச் சுற்றி மண்ணை நன்கு அழுத்திக் குச்சியும் கட்ட வேண்டும். உப்பளங்களும் முட்டுக்காட்டுக் கழிமுகமும் அருகிலிருப்பதால் இப்பகுதியில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருக்கிறது. தொட்டியின் விளிம்பில் வெண்ணிறப் பொருக்குப் படிவது உப்பு சேர்கிறது என்பதற்கு அடையாளம். சேமித்த மழைநீரை ஊற்றுவதே இதற்குச் சிறந்த மாற்று.

கோஸ் குடும்பத்தின் முதல் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் பச்சை நிறப் புழு இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலைக் கண்ணாடித்தாள் போல விட்டுவைக்கும்; தொட்டால் நெளிந்து துள்ளி, மெல்லிய நூலில் தொங்கும். அருகில் கடுகு விதைத்தால் பூச்சி அதனை நாடிச் செல்லும் என்பதால், கடுகைக் கவர்ச்சிப் பயிராக வளர்ப்பதும், வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

மொட்டு திரளாவிட்டாலும் செடி வீணாவதில்லை. இளம் இலைகளை நரம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, தேங்காய்த் துருவலோடு பொரியல் செய்யலாம். கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களே இதன் இலேசான கசப்புக்கும் காரணமாவதால், அதிக நேரம் வேகவைக்காமல் இறக்குவது நல்லது. கோஸ் குடும்பத்தில் முதன்முறையாகக் கைவைக்கும் ஒருவருக்கு, இதனோடு ஒரு தொட்டியில் நூக்கோலையும் விதைக்கும்படி சொல்லலாம். அது நட்ட இரண்டு மாதங்களுக்குள், சமவெளியின் மிதமான குளிரிலேயே பருத்துவிடும்.