குறியீடு காட்டும் வழி

மகிழுந்தின் முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால், அதனுள் இருக்கும் கணினி ஒரு பழுதைப் பதிவு செய்துள்ளது என்பது பொருள். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் உள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால், அப்பதிவு ஓர் எழுத்தும் நான்கு எண்களும் கொண்ட குறியீடாகத் தோன்றும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாக்கப்பட்ட இம்முறை, இன்று இந்திய வண்டிகளிலும் உள்ளது.

'பி0301' என்னும் குறியீட்டைக் காண்போம். 'பி' எஞ்சின் பகுதியையும், 0 எல்லா வண்டிகளுக்கும் பொதுவான குறியீடு என்பதையும், 3 தீப்பொறி அமைப்பையும், 01 முதல் சிலிண்டரையும் குறிக்கும். முதல் சிலிண்டரில் எரிபொருள் முறையாக எரியவில்லை என்பதே செய்தி.

குறியீடு இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. ஸ்பார்க் பிளக், காயில், கம்பி ஆகியவற்றுள் எதுவும் பழுதாகியிருக்கலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், தேர்ந்த மெக்கானிக் முதல் இரண்டு காயில்களை இடம் மாற்றி ஓட்டிப் பார்ப்பார். குறியீடு 'பி0302' என மாறினால், பழுது அந்தக் காயிலில்தான் உள்ளது.

'பி0562' மின்னழுத்தக் குறைவைக் குறிக்கும். முழுமையாக மின்னேற்றிய பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது அளவு 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். உயராவிட்டால் ஆல்டர்னேட்டரையும் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற காயலோர ஊர்களில், உப்புக்காற்றும் மழை ஈரமும் மின்முனைகளில் களிம்பு பிடிக்கச் செய்யும். அதனைத் துடைப்பதே சிலவேளை போதுமானது. சோதிக்காமல் பேட்டரியை மாற்றினால், வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவரின் பல நாள் வருவாய் வீணாகும். பழுதோ அப்படியே இருக்கும்.